ஊர் போன பிறகும் நின்ற தேவாலயம்

கேட்கப்பட்ட கேள்வி இது: "இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம், வெறும் புல்வெளிக்கு நடுவில் பாதி இடிந்த சர்ச் ஒன்று நிற்கிற படத்தைப் பார்த்தேன். பிளேக் வந்து ஊர் முழுக்கச் செத்துப்போய், சர்ச் மட்டும் மிஞ்சியது என்று படத்தின் கீழே எழுதியிருந்தார்கள். உண்மையா? அந்த ஊருக்கு என்னதான் ஆனது?"

நீங்கள் பார்த்தது வாரம் பெர்சி என்ற ஊரின் புனித மார்ட்டின் தேவாலயம். பிளேக் கதை தவறு. பிளேக் அந்த ஊருக்கு வந்தது, ஆட்கள் செத்தார்கள், அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அது வந்துபோய் ஏறக்குறைய 150 ஆண்டுகள் வரை அங்கே அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. கடைசியாக மிஞ்சிய நான்கு வீட்டுக்காரர்களை வெளியே அனுப்பியவர் நிலத்துக்குச் சொந்தக்காரர். அவர்கள் உழுத இடத்தில் செம்மறி ஆடுகள் மேய்ந்தன. தேவாலயம் மட்டும் ஏன் நின்றது என்பது தனிக்கதை. அதைச் சொன்னால்தான் ஊரின் கதையும் முழுசாகும்.

பிளேக் கதை ஏன் எல்லோருக்கும் பிடித்துப்போகிறது என்று எனக்குப் புரிகிறது. ஒரே அடியில் ஊர் காலி என்றால் கேட்பதற்குச் சுருக்கமாக இருக்கிறது, யார்மேலும் பழி இல்லை. நடந்ததைப் பாருங்கள். கறுப்புச் சாவு என்று அவர்கள் சொல்லும் அந்தக் கொள்ளைநோய் 1348இல் தென் இங்கிலாந்தின் டார்செட் கரையில் இறங்கியது, மறு ஆண்டே யார்க்‌ஷயருக்கு ஏறியது. நாட்டு மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அதில் போனதாகச் சொல்கிறார்கள். வாரம் பெர்சி மட்டும் எப்படித் தப்பும்? அப்படியிருந்தும் 1368இல் அங்கே சுமார் 30 வீடுகளில் குடியிருப்பு இருந்தது. நோய்க்குப் பின் 19 ஆண்டு கழித்து 30 வீடு! அந்தப் பக்கத்துக்கு அது சிறிய ஊர்கூட இல்லை. நோய் ஊரைக் குறைக்கும், ஆனால் காலி இடத்துக்கு ஆள் வந்துவிடும், மிஞ்சியவர்கள் செத்தவர்களின் நிலத்தையும் சேர்த்து உழுவார்கள். டெர்பிஷயரில் ஈம் என்ற ஊர் இருக்கிறது. 1665-66இல் பிளேக் வந்து சுமார் 260 பேரைக் கொண்டுபோன ஊர் அது. இன்றைக்கும் அங்கே மக்கள் வாழ்கிறார்கள்.

சரி, ஊர் இருந்த இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மால்டன் என்ற சந்தை நகரத்திலிருந்து தென்கிழக்கே போனால் யார்க்‌ஷயர் வோல்ட்ஸ் வரும். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையாலான மேட்டுநிலம். மழை பெய்தால் தண்ணீர் மேலே நிற்காது, பாறைக்குள் இறங்கிவிடும். அதனால் அங்குள்ள பள்ளத்தாக்குகள் பலவற்றில் ஓடையே கிடையாது. ஊற்று இருக்கிற இடம் பார்த்துத்தான் ஊர் வைக்க முடியும். வாரம் பெர்சிக்கு ஊற்று இருந்தது. பள்ளத்தில் தண்ணீர், தண்ணீர்ப் பக்கத்தில் தேவாலயம், மேற்கே மேட்டில் வீடுகள். ஓடையை அணை கட்டித் தேக்கி ஆலை வைத்து மாவு அரைத்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தேக்கமே மீன் குளமாயிற்று.

இரும்புக் காலத்திலும் ரோமர் காலத்திலும் அங்கே பண்ணை வீடுகள் இருந்தன. ஆனால் தெருவும் வரிசையுமாக ஊர் என்று சொல்லும்படி அது அமைந்தது 10ஆம் நூற்றாண்டுக்கும் 12ஆம் நூற்றாண்டுக்கும் இடையில். அதுவும் தானாக வளர்ந்த ஊர் மாதிரி தெரியவில்லை. யாரோ கயிறு பிடித்து மனை அளந்து கொடுத்த மாதிரி இருக்கிறது. மனைகள் வரிசை வரிசையாக, முன்னால் வீடு, பின்னால் நீளமான கொல்லை. ஊரைச் சுற்றிலும் கீற்றுக் கீற்றாகப் பிரித்த உழவு நிலம். 1086இல் அரசர் வில்லியம் நாடு முழுக்க எடுத்த டூம்ஸ்டே கணக்கெடுப்பில் ஊர் பெயர் வந்துவிட்டது.

பெயரில் உள்ள பெர்சி, பண்ணையார் குடும்பத்தின் பெயர். நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வந்த பெரிய குடும்பம் அது. வடக்கே நார்தம்பர்லண்டில் பிரபுக்களாக இருந்தவர்கள் அதன் பெரிய கிளை, இங்கே இருந்தவர்கள் சிறிய கிளை. கொஞ்ச காலம் ஊரில் இரண்டு பண்ணையார்கள். பெர்சி ஒரு பக்கம், சேம்பர்லின் குடும்பம் மறுபக்கம். இரண்டு பேருக்கும் தனித்தனி மாளிகை. 13ஆம் நூற்றாண்டின் நடுவில் சேம்பர்லின் பங்கும் பெர்சி கைக்கு வந்தது. தெற்கே இருந்த மாளிகைக்கு வேலை இல்லாமல் போனது. அந்த இடத்தை மனைகளாகப் பிரித்துக் குடியானவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1950களில் ஒரு குடியானவர் வீட்டைத் தோண்டிக்கொண்டே போனவர்களுக்கு அடியில் 12ஆம் நூற்றாண்டு மாளிகையின் நிலவறை அகப்பட்டது. செதுக்கிய கல்லில் கட்டிய பண்ணையார் வீட்டின் மேல், சுண்ணாம்புக் கல்லை அடுக்கிக் கட்டிய உழவன் வீடு. தோண்டியவர்கள் அதை எதிர்பார்க்கவே இல்லை.

தோண்டியவர்களைப் பற்றி இங்கே சொல்லாமல் மேலே போகக் கூடாது. மாரிஸ் பெரஸ்ஃபோர்டு பொருளாதார வரலாற்று ஆசிரியர், லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் வேலை. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் காணாமல்போன ஊர்கள் அங்கொன்று இங்கொன்றுதான் என்று நிபுணர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், பழைய வரிக் கணக்கையும் வரைபடங்களையும் வைத்துக்கொண்டு அப்படி நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று வாதாடியவர். இன்றைக்கு எண்ணிக்கை சுமார் 3,000. 1948இல் அவர் வாரம் பெர்சிக்கு வந்தார். புல்லுக்கடியில் மேடும் பள்ளமுமாகத் தெருக்களின் சுவடு தெரிந்தது. 1950இல் மண்வெட்டியோடு வந்துவிட்டார். புல்லை நீக்கினால் சுவர் இருக்கும் என்று காட்டுவதுதான் நோக்கம். 1952இல் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்துகொண்டார். இடைக்கால மண்பாண்டங்களை நன்றாக அறிந்த தொல்லியலாளர். அப்புறம் 1990 வரை ஆண்டுதோறும் கோடையில் சில வாரங்கள் அங்கே தோண்டல் நடந்தது. மாணவர்கள், ஆசிரியர்கள், விடுமுறை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் என்று ஏராளமான தன்னார்வலர்கள். ஒரு சாதாரண ஊருக்காக 40 ஆண்டு! அரசர் இல்லை, போர் இல்லை, புதையல் இல்லை. உழுது வாழ்ந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அத்தனை பாடும். இந்த இரண்டு பேர்மேலும் எனக்கு இருக்கிற மரியாதைக்கு அளவில்லை.

அங்கே கிடைத்தவற்றில் என் மனதைவிட்டுப் போகாதது ஒன்று உண்டு. வீட்டுத் தரைகள் நடுவில் குழிந்திருந்தன. தட்டு மாதிரி, ஓரம் உயர்ந்து நடு தாழ்ந்து. முதலில் பார்த்தவர்கள் யோசித்துப் பார்த்துக் கண்டுபிடித்த காரணம்: பெருக்கிப் பெருக்கித் தேய்ந்தது. தலைமுறை தலைமுறையாகத் துடைப்பம் போட்டு மண் தரை அரைபட்டிருக்கிறது. மாட்டோடு ஒரே கூரைக்குக் கீழ் சாணியும் புகையுமாகக் கிடந்தவர்கள் என்று நாம் படித்து வைத்திருக்கிற குடியானவர்கள்தான் இவர்கள். மாடும் ஒரே கூரைக்குக் கீழ்தான், வீட்டின் கீழ்க்கோடியில். ஆனால் மேல்கோடியில் தரை நாள் தவறாமல் பெருக்கப்பட்டிருக்கிறது. இரும்புப் பூட்டும் சாவியும் கிடைத்திருக்கின்றன. பூட்டி வைக்கும் அளவுக்கு ஏதோ இருந்திருக்கிறது. இருபது மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் கடலிலிருந்து வந்த மீனின் முள்ளும் குப்பையில் இருந்தது.

வீடுகளைப் பற்றி முதலில் ஒரு தவறான முடிவும் எடுத்துவிட்டார்கள். சுவர்களின் அடித்தடம் ஒன்றன்மேல் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சம் விலகி இருந்ததால், இவை ஒரு தலைமுறைக்கு மேல் தாங்காத குடிசைகள், இடிந்து இடிந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள் என்றார்கள். 1980களில் ஸ்டூவர்ட் ராத்மெல் என்ற தொல்லியலாளர் அதே தடங்களைத் திரும்பப் பார்த்து வேறு விளக்கம் சொன்னார். கூரையைத் தாங்கியது சுவரே இல்லை. வளைந்த பெரிய மரங்களை இரண்டிரண்டாகத் தரையிலிருந்து கூரை உச்சி வரை கவையாக நிறுத்தியிருக்கிறார்கள். பாரம் அந்த மரங்களின் மேல். சுவர் வெறும் அடைப்பு, பழுதானால் கூரையைத் தொடாமலே பிரித்துக் கட்டிக்கொள்ளலாம். ஆக வீடு நூறு ஆண்டுக்கு மேல் நின்றிருக்கிறது, சுவர் மட்டும் மாறியிருக்கிறது. அதே மண், அதே கல், பார்க்கிற கண் மாறியதும் குடிசைவாசி என்று நினைத்தவர் நல்ல தச்சரை வைத்து வீடு கட்டியவராகிவிட்டார்.

இனி தேவாலயம். 1960களிலும் 70களின் முதல் பாதியிலும் அதன் தரையையும் தோண்டினார்கள். அடியில் 10ஆம் நூற்றாண்டு மரக் கோயிலின் தூண்குழிகள். அதன்மேல் 11ஆம் நூற்றாண்டில் சின்னதாக ஒரு கற்கட்டடம். 12ஆம் நூற்றாண்டில் அதை விழுங்கிக்கொண்டு பெரிய கூடம், மேற்கே கோபுரம், கிழக்கே அரைவட்டமாக முடியும் பலிபீடப் பகுதி. அந்த நூற்றாண்டின் கடைசியில் கூட்டம் கொள்ளவில்லைபோலும், தெற்குச் சுவரை உடைத்து வளைவுகள் வைத்துப் பக்கக்கூடம் சேர்த்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் வடக்கேயும் அப்படியே ஒன்று. 14ஆம் நூற்றாண்டில் வடகிழக்கு மூலையில் சிற்றாலயம். ஊர் பெருத்த வேகத்தை இந்தச் சுவர்களில் படிக்கலாம். எழுத்தில் இருக்கும் கணக்கை யாரும் திருத்தலாம், கல்லில் இருப்பதை அப்படிச் செய்ய முடியாது.

அந்தக் கணக்கு திரும்பிய இடம் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கம், பிளேக்குக்கு ஒரு தலைமுறை முன்னால். 1315 முதல் 1317 வரை விடாமல் மழை, விளைச்சல் அழுகி ஐரோப்பாவின் வடபகுதி முழுக்கப் பெரும் பஞ்சம். 1314இல் பானக்பர்னில் இங்கிலாந்து தோற்ற பிறகு ஸ்காட்லாந்துப் படைகள் யார்க்‌ஷயர் வரை இறங்கி ஊர்களைக் கொள்ளையிட்டன. 1322இல் பைலண்ட் சண்டையில் இங்கிலாந்து அரசர் இரண்டாம் எட்வர்டே தப்பி ஓட வேண்டியதாயிற்று. அதற்கு மறு ஆண்டு, 1323இல் வாரம் பெர்சி நிலத்தைக் கணக்கெடுத்தவர்கள் எழுதி வைத்தது: பெரும்பகுதி நிலம் சாகுபடி இல்லாமல் கிடக்கிறது, இரண்டு ஆலைகளும் பாழ். பிளேக் வருவதற்கு 26 ஆண்டுக்கு முந்தைய நிலவரம் இது. அதிலிருந்து ஊர் ஓரளவு எழுந்தும் இருக்கிறது, அதனால்தான் 1368இல் அந்த 30 வீடு.

பிளேக் செய்தது வேறு மாதிரியான வேலை. ஆள் குறைந்ததும் கூலி ஏறியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351இல் சட்டம் போட்டும் பிடித்து நிறுத்த முடியவில்லை. வாய் குறைந்ததால் நாளடைவில் தானிய விலை இறங்கியது. கூலி ஏறி விளைபொருள் விலை இறங்கினால் உழவில் என்ன மிஞ்சும்? ஆனால் கம்பளிக்கும் துணிக்கும் கிராக்கி இருந்தது. நூற்றுக்கணக்கான ஆட்டை மேய்க்க ஒரு மேய்ப்பர் போதும். வோல்ட்ஸ் நிலமோ ஆட்டுக்கென்றே அமைந்தது, காய்ந்த மேட்டுப் புல். நிலத்துக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். இன்னொரு பக்கம் பள்ளத்தாக்குக் கிராமங்களில் நல்ல நிலம் குறைந்த குத்தகைக்குக் கிடைத்ததால், மேட்டுக் கிராமத்து இளைஞர்கள் தாமாகவே இறங்கிப் போனார்கள். எல்லாக் குடும்பத்தையும் பண்ணையார் துரத்தினார் என்று நான் சொல்லவில்லை. பலர் போனார்கள், கடைசியில் மிஞ்சியவர்கள் போக்கப்பட்டார்கள்.

1400களின் தொடக்கத்தில் பெர்சி குடும்பம் இந்த ஊரை ஹில்டன் குடும்பத்துக்குக் கைமாற்றியது. ஹில்டன்களின் கோட்டை வடக்கே டர்ஹம் பக்கம். ஊரில் இருக்காத முதலாளி, நேரில் பார்க்காத குடிகள். அவருக்கு அது வருமானப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். 1458இல் 16 வீடுகள் எஞ்சியிருந்தன. தொண்ணூறு ஆண்டில் பாதி.

முடிவு எப்போது என்று தெரிவதற்குக் காரணம் அரசாங்கம். ஊர்கள் காலியாவது நாட்டுப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று 1489இலேயே ஏழாம் ஹென்றி சட்டம் கொண்டுவந்திருந்தார். ஏர் பிடிக்கிறவன் இல்லையென்றால் வில் பிடிக்கிறவன் ஏது என்ற கவலை. 1517இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் கார்டினல் வுல்சி விசாரணைக் குழு அமைத்து, எங்கெங்கே யார் யார் குடிகளை எடுத்தார்கள் என்று கேட்டார். வாரம் பெர்சி பற்றிக் கிடைத்த வாக்குமூலம் ஒரே வரிதான்: ஹில்டன் பிரபு நான்கு ஏர்களை நிறுத்தினார், நான்கு வீடுகளைப் பாழாக விட்டார். விசாரணை 1488க்குப் பிறகு நடந்ததைப் பற்றி மட்டுமே என்பதால், இது 1500ஐ ஒட்டி நடந்திருக்க வேண்டும். நான்கு ஏர், நான்கு வீடு. வீட்டுக்காரர்களின் பெயரை யாரும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. எங்கே போனார்கள் என்பதும் அந்த வரியில் இல்லை. ஏரின் எண்ணிக்கை இருக்கிறது, ஏர் பிடித்தவர்களின் எண்ணிக்கைகூட இல்லை. 1368, 1458, 1517 என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வந்து இந்த வரியில் நிற்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தேவாலயத்துக்குத் திரும்புகிறேன். உழவர் போனதும் அதுவும் சுருங்கத் தொடங்கியது. 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் பக்கக்கூடங்களை இடித்துவிட்டு, வளைவுகளுக்கு இடையே கல் வைத்து அடைத்தார்கள். இடித்த கூடத்தின் சன்னல்களை எடுத்து அந்த அடைப்புக்குள்ளேயே பதித்தார்கள். பிறகு பலிபீடப் பகுதியையும் குறுக்கினார்கள். இடைக்காலத்தில் விரிந்து விரிந்து வந்த கட்டடம் ஏறக்குறைய 12ஆம் நூற்றாண்டில் இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது.

ஆனால் மூடவில்லை. ஏன்? இந்தத் தேவாலயம் வாரம் பெர்சிக்கு மட்டும் உரியது அல்ல. ஐந்து ஊர்கள் சேர்ந்த பங்கு அது, அதாவது ஐந்துக்கும் சேர்த்து ஒரே தேவாலயம். வாரம் பெர்சி, பர்டேல், ரெய்ஸ்தார்ப், டவ்தார்ப், திக்சென்டேல். இதில் முதல் நான்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் காலியாகின. திக்சென்டேல் மட்டும் தங்கியது. தெற்கே மூன்று மைல். திருமணமோ ஞானஸ்நானமோ சாவோ, எதுவானாலும் திக்சென்டேல்காரர்கள் மேட்டுநிலம் ஏறி இறங்கி இந்தப் பள்ளத்துக்கு வர வேண்டும். பிணத்தையும் அந்த வழியாகத்தான் தூக்கிவந்தார்கள். ஊர் மறைந்து 370 ஆண்டு, ஆள் இல்லாத இடத்துக்குப் பக்கத்து ஊர் நடந்தே வந்தது. அந்தக் கால்களால்தான் கட்டடம் நின்றது. 1870இல் திக்சென்டேலுக்கு அங்கேயே ஒரு தேவாலயம் எழுந்தது. அந்தப் பகுதியின் பெரிய நிலக்கிழார் டாட்டன் சைக்ஸ் கட்டிக்கொடுத்தார். அதற்கு மேல் அவ்வளவு தூரம் நடக்க வேண்டிய அவசியம் திக்சென்டேல்காரர்களுக்கு இல்லை. புனித மார்ட்டினில் கடைசி வழிபாடு 1949இல். 1954இல் கூரையின் ஈயத் தகட்டைத் திருடிக்கொண்டு போனார்கள். மழை உள்ளே இறங்கியது. 1959இல் கோபுரம் பாதி சரிந்தது. படத்தில் நீங்கள் பார்த்த பிளந்த கோபுரம் அதுதான். ஊரைக் காலி செய்த காலத்துக்கும் அந்த இடிபாட்டுக்கும் 450 ஆண்டு இடைவெளி. பிளேக்குக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

கல்லறைத் தோட்டத்தைப் பற்றிக் கேள்வியில் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. தேவாலயத்தின் உள்ளேயும் சுற்றிலும் தோண்டியதில் 687 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. பங்கின் ஐந்து ஊர்க்காரர்களும் அதில் இருப்பார்கள். கிராமத்து மக்களின் எலும்புகள் இத்தனை பேருடையவை ஒரே இடத்தில், இவ்வளவு ஒழுங்காக ஆராயப்பட்டது இங்கிலாந்திலேயே அரிது. சைமன் மேஸ் என்ற எலும்பியல் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் இதில் உழைத்தார்.

குழந்தைகளின் எலும்பில் உள்ள நைட்ரஜன் வகைகளை அளந்து பார்த்ததில், தாய்மார்கள் சுமார் ஒன்றரை வயது வரை பால் கொடுத்திருப்பது தெரிந்தது. அந்தப் பால் குடித்த காலம் வரை குழந்தைகளின் வளர்ச்சி இன்றைய குழந்தைகளோடு ஏறக்குறைய ஒட்டியே போகிறது. பால் மறந்த பிறகு பின்தங்குகிறது. 14 வயதுப் பிள்ளை இன்றைய 10 வயதுப் பிள்ளையின் உயரம்தான். பெரியவர்களானபோது ஓரளவு எட்டிப்பிடித்துவிட்டார்கள், ஆண்களின் சராசரி உயரம் சுமார் 169 சென்டிமீட்டர். வளர்ச்சி நீண்ட காலம் மெதுவாக நடந்திருக்கிறது. அந்த ஒன்றரை ஆண்டு அந்தத் தாய்மார்கள் கொடுத்ததை எலும்பு இன்னும் வைத்திருக்கிறது.

கன்னத்தெலும்பின் உள்ளே இருக்கும் சைனஸ் அழற்சியின் தழும்பையும் எண்ணியிருக்கிறார்கள். வாரம் பெர்சியில் 39 சதவீதம், அதே காலத்து யார்க் நகரத்து ஏழைப் பங்கு ஒன்றில் 55 சதவீதம். நகரத்துப் புகையும் பட்டறையும் கிராமத்தில் இல்லை என்பதை எலும்பே சொல்கிறது. இன்னொருவர், 10 அல்லது 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவர், வயது சுமார் 40. தலையில் பலத்த அடி, மண்டை உள்ளே அமுங்கியிருக்கிறது. யாரோ தலைத்தோலைக் கீறி விலக்கி, உடைந்த எலும்பைச் சுரண்டி எடுத்து, மூளைமேல் இருந்த அழுத்தத்தைக் குறைத்திருக்கிறார்கள். எலும்பின் ஓரம் ஆறியிருக்கிறது. ஆக அவர் பிழைத்துவிட்டார். மயக்க மருந்து இல்லாத காலம், மருத்துவமனை இல்லாத மேட்டுநிலம். ஊர் ஊராகப் போன வைத்தியர் ஒருவரின் கையாக இருக்கலாம்.

இந்த ஊர் என்றாலே 2017இல் வந்த ஒரு செய்தியையும் கேட்பார்கள், "செத்தவர்கள் எழுந்து வராமல் இருக்கப் பிணத்தை வெட்டி எரித்தார்களாமே?" என்று. நடந்தது இது. 1960களில் தேவாலயத்துக்கு வெளியே, வீடுகள் இருந்த பகுதியில் ஒரு குழியில் மனித எலும்புகள் கலைந்து கிடந்தன. எல்லாம் சேர்த்து 137 துண்டுகள், குறைந்தது பத்துப் பேருடையவை, குழந்தை முதல் முதியவர் வரை. 11 முதல் 14ஆம் நூற்றாண்டுக்குள் அடங்குபவை. கத்தி வெட்டும், உடைத்த தடமும், எரித்த தடமும் இருந்தன. வெளியூர்க்காரர்கள் என்பதால் இப்படிச் செய்தார்களா என்று பல்லில் உள்ள தனிமங்களைச் சோதித்தார்கள். உள்ளூர்க்காரர்கள்தான். மனித இறைச்சி தின்ற பஞ்ச காலமா என்று பார்த்தால், வெட்டு சதை அதிகமாக உள்ள இடத்தில் இல்லை, தலை கழுத்துப் பக்கம் இருக்கிறது. அதனால் பேய்ப் பயமே பொருத்தமான விளக்கம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் நியூபர்க் மடத்துத் துறவி வில்லியம், கல்லறையிலிருந்து எழுந்து நடமாடிய பிணங்களையும், மக்கள் அவற்றை எடுத்து எரித்ததையும் எழுதி வைத்திருக்கிறார். நியூபர்க்கும் யார்க்‌ஷயர்தான். விளக்கம் பொருந்துகிறது என்பதே என் எண்ணமும். ஆனால் நூற்றாண்டுக்கணக்கான இடைவெளியில் செத்த பத்துப் பேரை வைத்துக்கொண்டு அந்த ஊரையே பேய் ஊராக்கிவிடுவது நியாயம் இல்லை. அதே பங்கில் 687 பேர் கிழக்கு மேற்காக, ஒழுங்காகப் படுக்கவைக்கப்பட்டிருக்கிறார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சாலையில் வண்டியை விட்டுவிட்டு முக்கால் மைல் நடக்க வேண்டும். மழை பெய்திருந்தால் பாதை சேறாக இருக்கும், நல்ல காலணி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போகக் கட்டணம் இல்லை. எல்லோரும் உடைந்த கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் தெற்குச் சுவரின் வெளிப்பக்கம் போய் நில்லுங்கள். சுவருக்குள் சுவராக வளைவுகள் தெரியும், தூண்கள் பாதி புதைந்தபடி. வளைவின் கற்கள் சீராகச் செதுக்கியவை. அவற்றுக்கு இடையே அடைத்த கற்கள் கிடைத்ததை எடுத்து வைத்தவை. அந்த இரண்டு வகைக் கல்லும் சேர்கிற கோட்டில் விரலை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் ஆள் நிறைந்திருந்த ஊர், மறுபக்கம் நான்கு வீட்டு ஊர். அப்புறம் மேட்டுக்கு ஏறி, வீட்டு மனைகளின் மேடு பள்ளத்தில் நடக்கலாம். அங்கே மாடுகள் மேயும், ஒன்றும் செய்யாது, கதவை மட்டும் சாத்திவிட்டு வாருங்கள்.